கேட்கிற காதுக்கும் கடமை உண்டு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சொல் தவறாமல் வந்து விழுகிறது: 'மொழிப் பிரச்சினை'. பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதில்லை, மொழிப் பிரச்சினை. பேராசிரியர் சொன்னது பாதி விளங்கவில்லை, மொழிப் பிரச்சினை. சிநேகிதர் யாரும் இல்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை; அதுவும் மொழிப் பிரச்சினை. நோய்க்குப் பேர் வைத்தாகிவிட்டது. மருந்தும் கைவசம் இருக்கிறது: இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் படி, கூச்சத்தை விடு, தைரியமாப் பேசு. இதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் பேச்சு அறுந்து போகிறது. அறுந்த கயிற்றின் ஒரு முனையை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பழுது இந்த முனையில்தான் என்று எப்படித் தீர்ப்பு எழுதினோம்? அந்த முனையில் ஒரு காது இருக்கிறதே, அதை யார் விசாரித்தார்கள்?

ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு விளங்காமல் போனால் அதற்குப் பொறுப்பு யாருடையது? இதுதான் என் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் மொழிப்பாடக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இது அறம் பற்றிய கேள்வி. தலைமுறை தலைமுறையாகப் பேசியும் கேட்கப்படாதவர்களின் பிள்ளைகளான நமக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல, வயிற்றுக் கேள்வி.

நான் இருப்பது ஐயப்பன்தாங்கலில். பஸ் டெப்போவால் பேர் தெரிந்த ஊர். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் போரூருக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவில் கிடக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த பக்கம் இன்றைக்கு அடுக்குமாடியும் மெட்ரோத் தூணுமாக நிற்கிறது. அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் கழுவவும், கேட்டில் காவல் நிற்கவும், குப்பை அள்ளவும் போகிறவர்கள் நம் தெருக்காரர்கள். அடுக்குமாடிப் பிள்ளைகள் வெளிநாடு போவது இங்கே செய்தி இல்லை. நம் தெருப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேராகப் போகத் தொடங்கியிருப்பதுதான் செய்தி. மாலை வகுப்பு நடத்துகிற நாங்கள் நாலைந்து பேர் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா ஆபீசில் கூடவே நிற்கிறோம். போன பிறகு போனில் பேசுகிறோம். அந்தப் பேச்சுகளிலிருந்து வந்தவைதான் இங்கே எழுதுகிற பலவும்.

போவதற்கு முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்பார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. பேச்சுத் தேர்வு 11 நிமிஷத்திலிருந்து 14 நிமிஷம் வரைக்கும் நடக்கும். நான்கு விஷயத்துக்கு மதிப்பெண்: தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்கும் பேசுகிறவன் மேல் வைத்த அளவுகோல்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பொறுமைக்கோ, புரிந்துகொள்ள அவர் எடுக்கிற பிரயாசைக்கோ அளவுகோல் இல்லை. தேர்வென்றால் அப்படித்தான் இருக்க முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேர்வு முடிந்து, பாஸ் பண்ணி, விமானம் ஏறிப் போன பிறகும் ஒவ்வொரு நாளும் அதே தேர்வு நடந்துகொண்டே இருந்தால்? கடையில், வகுப்பில், அறையில், எதிரில் இருப்பவரெல்லாம் தேர்வாளராகவே உட்கார்ந்திருந்தால்?

இந்தத் தேர்வு நம் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை. நமக்கு முதல் அந்நிய நாடு பள்ளிக்கூடம். வீட்டில் பேசிய 'இன்னா'வும் 'இஸ்துகினு'வும் 'குந்து'வும் பள்ளிக்கூட வாசலில் செருப்பு மாதிரி கழற்றி வைக்கப்பட வேண்டியவை. அந்தப் பேச்சு சினிமாவில் சிரிப்புக்கு ஆகும், வகுப்பில் அடிக்கு ஆகும். 'ஒழுங்கா பேசுடா' என்று வாத்தியார் சொல்லும்போது ஐந்து வயசுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? தன் அம்மா பேசுவது ஒழுங்கு இல்லை என்றுதான் விளங்கும்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். வாய்மொழித் தேர்வில் ஒரு சொல்வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். 'எங்க ஆயா சொல்லும்' என்று ஆரம்பித்தேன். எதிரில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, 'சொல்லுவார்' என்று திருத்தினார். ஆயா என்ன சொல்லும் என்று அவர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. எங்கள் பேச்சில் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் 'சொல்லும்', 'வரும்' என்று சொன்னால் மரியாதைக் குறைவு இல்லை. அது நெருக்கத்தின் இலக்கணம். அஃறிணை என்று நன்னூலை வைத்துப் பார்க்கிற காதுக்கு அது பிழை. இலக்கணக்காரர்கள் செந்தமிழ் என்றும் கொடுந்தமிழ் என்றும் பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவினை நிலம் பற்றியது என்று உரைகள் சொல்லும். நடைமுறையில் அது நாக்கைப் பற்றியது, நாக்குக்குச் சொந்தக்காரன் எந்தத் தெரு என்பது பற்றியது.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுமொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. இது இலக்கிய மொழியா என்று கேட்டார்கள். அதே புத்தகம் 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. தமிழே தெரியாத ஊர்களில் பல்கலைக்கழகப் பாடமானது. பக்கத்துக் காதுக்கு எட்டாதது தூரத்துக் காதுக்கு எட்டியது. அப்படியானால் கோளாறு எங்கே இருந்தது, சொன்ன வாயிலா, கேட்ட காதிலா?

இனி வெளிநாட்டுக்கு வருவோம். நம் தெருப் பையன் ஒருவன் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அதனால்தான் நம்மாட்கள் எட்டிப் பார்க்க முடிகிறது. ஆனாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்கி வைக்க வேண்டும் என்று விதி. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கலாம். அவன் அம்மா கம்மல், தாலிக்கொடி வரைக்கும் அடகுக் கடைக்குப் போனது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். பாடம் ஆங்கிலத்தில், ஊர் ஜெர்மனில். வாடகை ஒப்பந்தம், நகராட்சியில் குடியிருப்புப் பதிவு, தபால் பெட்டியில் வந்து விழுகிற காகிதம் எல்லாம் ஜெர்மன். ஆரம்பத்தில் காகிதத்தைப் பார்த்தாலே அவனுக்குக் கை நடுங்குமாம்.

அவன் போனில் சொன்னது இது: "அண்ணா, இங்க ஜெர்மன் கிளாஸ்ல மொத நாளு ஒரு விஷயம் பாத்தேண்ணா. சிரியாக்காரன் ஒருத்தன், வியட்நாம் பொண்ணு ஒண்ணு, நம்ம மெட்ராஸ்லயே பெரிய ஸ்கூல்ல படிச்ச பையன் ஒருத்தன், அப்புறம் நானு. எல்லாரும் என் பேரு இது, என் ஊரு இதுன்னு திக்கித் திக்கித்தான் சொல்றோம். எல்லாருக்குமே சைபர்ணா. பொறந்ததுலருந்து எனக்கு முன்னாடி யாரும் ஓடிப்போய் நிக்காத கிளாஸ் அதான்." கொஞ்சம் நிறுத்தி இன்னொன்றும் சொன்னான்: "இங்கிலீஷ்ல தப்பாப் பேசினா செத்துடலாம் போல இருக்கு. ஜெர்மன்ல தப்பாப் பேசினா சிரிப்புத்தாண்ணா வருது."

இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்தேன். அவனுக்கு இங்கிலீஷ் ஜெர்மனை விடப் பத்து மடங்கு நன்றாகத் தெரியும். தெரியாத மொழியில் வெட்கம் இல்லை, தெரிந்த மொழியில் வெட்கம். அப்படியானால் வெட்கத்துக்குக் காரணம் தெரியாமை இல்லை. ஜெர்மன் அவனுக்கு ஒரு பாடம். இங்கிலீஷோ நம் நாட்டில் பாடம் மட்டும் அல்ல, பரம்பரைச் சொத்து. யார் வீட்டுத் தாத்தாவுக்கு அது வந்தது, யார் வீட்டுத் தாத்தாவுக்குப் பள்ளிக்கூடத் திண்ணைகூடக் கிடைக்கவில்லை என்கிற கணக்கெல்லாம் அதன் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த மொழியில் ஒரு சொல் தடுமாறினால் சொல் மட்டும் தடுமாறுவதில்லை. பாட்டன் பூட்டன் வரைக்கும் அம்பலமாகிறது. ஆகவே 'மொழிப் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று அறியாமை, இன்னொன்று அவமானம். அறியாமைக்கு அகராதி போதும், ஆறு மாசம் போதும். அவமானத்துக்கு எந்த மொழியிலும் அகராதி இல்லை, ஏனென்றால் அது அவனிடம் பிறந்தது இல்லை. தரம் பிரிக்கிற பார்வையில் பிறந்தது.

இன்னொரு பெண். இங்கிலாந்தில் சமூகப்பணி மேற்படிப்பு. கருத்தரங்க வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். அவள் மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கி, வினைச்சொல்லைச் சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு மூன்று தெரு தாண்டிப் போயிருக்கும். ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டாள். 'மறுபடி சொல்லு' என்றார்கள். சொன்னாள். திரும்பவும் 'மன்னிக்கணும், மறுபடி' என்றார்கள். மூன்றாவது தடவை சொன்னபோது தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மாணவர் அதையே சொன்னார். ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்டார். "என்னோட வாயிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டேண்ணா" என்றாள்.

வாயில் கோளாறா? அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்கிற ஆய்வாளர் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் குரலில் விரிவுரையைப் பதிவு செய்து கல்லூரி மாணவர்களுக்குப் போட்டார்கள். குரலுக்குரியவர் இவர் என்று ஒரு கூட்டத்துக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். குரல் ஒன்றேதான், சொல் ஒன்றேதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு உச்சரிப்பு அந்நியமாகக் கேட்டது. அதுமட்டும் இல்லை, விரிவுரையை அவர்கள் விளங்கிக்கொண்டதும் குறைவு. இல்லாத கோளாறு காதுக்குக் கேட்டிருக்கிறது. கண் சொன்னதைக் காது நம்பியிருக்கிறது.

ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்கு மதிப்பைக் குறைத்துப் போடுவதை மிராண்டா ஃப்ரிக்கர் என்கிற தத்துவ ஆசிரியர் 2007இல் ஒரு நூலாகவே எழுதினார். அறிவாளி என்கிற முறையில் ஒரு மனிதருக்கு இழைக்கப்படும் அநீதி அது என்றார். காயத்ரி ஸ்பிவக் 1988இல் கேட்ட கேள்வியை நம் பத்திரிகைகளில் விவாதித்துச் சலித்திருக்கிறோம்: விளிம்பில் இருப்பவர் பேச முடியுமா? பேச முடியும், பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் சேரிக்காரன் சொன்னால் காற்று, அதையே ஊர்க்காரன் சொன்னால் தீர்மானம் என்பதை நம் தாத்தன்மார் எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். ரூபின் காட்டிய படம் நம் ஊரில் முகத்தில் ஒட்டியிருக்காது, முகவரியில் ஒட்டியிருக்கும்.

முகவரி என்றதும் அடுத்த விஷயம். ஜெர்மனிக்குப் போன பையன் முதலில் தமிழ்ப் பையன்களோடுதான் அறை எடுத்தான். பாஷை தெரியாத ஊரில் தமிழ்க்குரல் கேட்டால் தண்ணி குடித்த மாதிரி இருக்குமே. முதல் வாரம் கேள்விகள் வந்தன. "ஐயப்பன்தாங்கல்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றாரு?" "உங்க ஆளுங்க எந்தக் கோயில் கும்புடுவாங்க?" "ஸ்காலர்ஷிப் கெடச்சுதா, எந்த ஸ்காலர்ஷிப்?" எல்லாம் சிநேகிதமாகத்தான். இங்கிதமான தமிழில்தான். இவன் வாயடைத்துப் போனான். ஜெர்மன்காரியிடம் உடைந்த ஜெர்மனில் அரட்டை அடிக்கிறவன், தன் தாய்மொழியில், தன் ஊர்க்காரன் எதிரில் ஊமையானான். இப்போது சொல்லுங்கள், அவனுக்கு எது அந்நிய மொழி?

மௌனம் இரண்டு வகை என்று எனக்குப் படுகிறது. தெரியாததால் வருகிற மௌனம் ஒன்று. தெரிந்துவிட்டால் ஆபத்து என்பதால் வருகிற மௌனம் ஒன்று. முதலாவது நாளுக்கு நாள் கரையும். இரண்டாவது நாளுக்கு நாள் கெட்டியாகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முதலாவதற்கு மொழிவகுப்பு நடத்துகின்றன. இரண்டாவதைப் பற்றி அவர்களுக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் விதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமாகவே கொண்டுவந்தது. அதே 2023 அக்டோபரில், கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். அந்த விதிகள் எல்லாம் அங்கே படித்த, வேலைபார்த்த நம்மவர்கள் வாய் திறந்ததால் வந்தவை. மௌனத்தை உடைத்தவர்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர்கள் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை. ஏதோ ஓர் அறையில் கேட்கத் தயாராக ஒரு காது இருந்தது.

ஒரு பையன் தன் சாதியைச் சொல்லாமல் மறைப்பது பொய்யா என்று தோழர் ஒருவர் கேட்டார். நான் பொய் இல்லை என்கிறேன். பொய் என்றால், உண்மையைப் பெற உரிமையுள்ளவருக்கு அதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுப்பது. 'எந்தப் பக்கம்?' என்கிற கேள்வி தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படவில்லை, எந்தப் படியில் உட்கார வைக்கலாம் என்று பார்ப்பதற்காகக் கேட்கப்பட்டது. தராசை மறைத்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விதான் பொய். அதற்குப் பதில் சொல்லும் கடன் யாருக்கும் இல்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவன் மட்டும் இவன்தான். ஒரே சமையலறையில் தினம் தினம் சொல்லை அளந்து போட்டுப் பேசுவது இருக்கிறதே, அது எந்த அயல்மொழியையும் விடக் கஷ்டமான இலக்கணம்.

சரி, கேட்பவருக்குக் கடமை உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? ஆசைப்பட்டால் ஆயிற்றா? ஆதாரம் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை 14ஆம் பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்ற மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 279ஆம் பிரிவில், விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் அதை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. இதன் பொருள் என்ன? மொழி தெரியாதது குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் குற்றம் ஆகாது. கேட்பதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உண்டென்று உலகமே ஒத்துக்கொண்ட இந்த நியாயம், கட்டணமும் கட்டிவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மாணவிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இந்த வேலையைச் செய்த நம் முன்னோர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1860இலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் வாழ்ந்த நாடு அது. வெள்ளைக்கார நீதிபதிக்கும் கூலித் தமிழருக்கும் நடுவில் நின்று, ஒரு காதுக்கு இன்னொரு வாயைக் கேட்க வைக்கிற வேலையை ஒரு பறையர் செய்திருக்கிறார். அவரே 1930-31இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பது பேசுகிறவனுடைய குறை இல்லை, நீதிக்குத் தேவையான சாமான் என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்கிறது.

அம்பேத்கருக்கு வருவோம். மொழித்தடை அவருக்கு எங்கே வந்தது? நியூயார்க்கிலா? பம்பாயில் வந்தது. எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார், தீண்டத்தகாத பிள்ளைக்கு அது கிடையாது என்று பாரசீகத்துக்குத் தள்ளப்பட்டார். அந்நிய நாட்டில் மொழிக்கு வாசல் உண்டு, தட்டினால் திறக்கும். சொந்த நாட்டில் வாசலில் ஆள் நின்றான். பரோடா மன்னரின் உதவித்தொகை மாசம் பதினொன்றரை பவுனில் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். 1916 மே 9ஆம் தேதி கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். 1921இல் பான் பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு ஜெர்மன் மொழியிலேயே விண்ணப்பம் எழுதினார். கற்றுக்கொள்ளும் கடமையை அவரை விட முழுசாகச் செய்தவர் யார்?

ஆனால் 1917இல் என்ன நடந்தது? கொலம்பியா படிப்போடு பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். ஊருக்குள் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தன்னை மறைத்துக்கொண்டு தங்கியவரைத் தடியோடு வந்து துரத்தினார்கள். அயல்நாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே மறந்து போயிருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் ஊர் நினைவுபடுத்தியது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மொழி தெரிந்தால் கேட்கப்படுவோம் என்பது உண்மையானால், அந்த நாளில் பரோடாவில் அவரை விட நன்றாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டியவர் யாரும் இல்லை. மராத்தி தெரியும், ஆங்கிலம் தெரியும். இரண்டும் இருந்தும் ஒரு அறை கிடைக்கவில்லை. 'மொழிப் பிரச்சினை' என்கிற நோய்ப்பெயரைப் பொய்யாக்க இந்த ஒரு சாட்சியம் போதும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. 'படிக்கப் போனவன்தானே கத்துக்கணும், ஊரா அவனுக்காக மாறும்?' என்பார்கள். கற்றுக்கொள்ள வேண்டும், சந்தேகமில்லை. நோயாளியிடம் பேச வேண்டிய மருத்துவரும் பாலம் கட்ட வேண்டிய பொறியாளரும் அந்த ஊர் மொழியைக் கற்றே தீர வேண்டும். ஆனால் ஒரு கைக்குக் கடமை இருப்பதால் இன்னொரு கைக்கு விடுமுறை கிடைத்துவிடாது. ஒரு கை தட்டி ஓசை எழாது என்பது தெரிந்த சமாச்சாரம்தானே. வேலைக்குத் தேவையான மொழியறிவைக் கேட்பது நியாயம். உச்சரிப்பை வைத்து ஆளைத் தரம் பிரிப்பது வேறு, அது தீண்டாமைக்குப் பக்கத்து வீடு.

'இங்கிலீஷ் நமக்கு விடுதலை கொடுத்த மொழி, அதைக் குறை சொல்லலாமா?' என்று நம்மவர்களே கேட்பார்கள். நான் இங்கிலீஷைக் குறை சொல்லவில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதப்பட்டது அந்த மொழியில்தான். அதன் இலக்கணத்தில் மனு உட்கார்ந்திருக்கவில்லை. கருவியாக அதை எடுத்துக்கொள்வோம், கூர்தீட்டியும் வைத்துக்கொள்வோம். மனிதன் என்பதற்கான சான்றிதழாக அதை யாராவது நீட்டச் சொன்னால் அங்கேதான் சண்டை. 'அப்படியானால் தமிழிலேயே இருந்துவிடலாமே' என்று தாய்மொழிப் பற்றாளர்கள் கூப்பிடுவார்கள். எந்தத் தமிழில்? ஆயாவைத் திருத்திய தமிழிலா? ஆயா பேசவும் அதில் இடம் இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம்.

இன்னொரு மௌனம் உத்தரவாகவே வருகிறது. 1954-55இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கு இருக்கிற மிகச் சில கதவுகளில் ஒன்று. 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022இல் அதன் விதிகளைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று எழுதினார்கள். அவற்றுக்கான ஆதாரங்கள் இந்தியாவிலேயே நிறைய இருக்கின்றன, வெளிநாடு போவானேன் என்பது சொல்லப்பட்ட காரணம். 1916இல் நியூயார்க்கில் வாசித்த அந்தக் கட்டுரை இந்த விதிக்குள் நுழைந்திருக்குமா? எந்திரம் பற்றிப் பேசு, மருந்து பற்றிப் பேசு, உன்னைப் பற்றி மட்டும் பேசாதே. உள்ளூர்க் காது மூடியிருப்பதால்தானே ஒருவன் தூரத்துக் காதைத் தேடிப் போகிறான்? அந்தக் காதுக்குப் போகும் வழியிலும் ஆள் நிறுத்துகிறார்கள். இந்த மௌனத்தை எந்த மொழி வகுப்பாலும் கரைக்க முடியாது. இதை அரசியலால்தான் உடைக்க வேண்டும்.

கேட்பதும் ஓர் உழைப்பு என்று நான் சொல்ல வருகிறேன். கை கால் அசைக்காமல் சும்மா நடக்கிற காரியம் இல்லை அது. காத்திருக்க வேண்டும், தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், 'நான் விளங்கிக்கொண்டது இது, சரியா?' என்று திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த இங்கிலாந்து வகுப்பில் 'மறுபடி சொல்லு' என்று மூன்று தடவை கேட்டதற்குப் பதில், 'நீ சொல்வது இதுவா?' என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். முதலாவது கேள்வி சுமையை முழுக்கப் பேசுகிறவள் தலையில் ஏற்றுகிறது. இரண்டாவது கேள்வி பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. அறம் என்று நான் சொல்வது அந்தப் பாதிச் சுமையைத்தான். அதிகாரம் உள்ள பக்கம் பாதிக்கு மேலேயும் சுமக்க வேண்டும், ஏனென்றால் பேசியவள் ஏற்கனவே இரண்டு மொழி தாண்டி வந்திருக்கிறாள். அவர்களோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இந்த அளவுகோல் வெள்ளைக்காரருக்கும் ஆதிக்கச் சாதிக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் அது நேர்மை ஆகாது. நம் இயக்க மேடைகளில் பெண்கள் பேசும்போது கூட்டம் டீக்குடிக்க எழுந்து போகக்கூடாது. தெலுங்கு கலந்து பேசுகிற அருந்ததியத் தோழரின் தமிழை யாரும் திருத்தக்கூடாது. ரயில் ஏறி வந்து இந்தப் பக்கத்துக் கட்டடங்களில் கல் சுமக்கிற பீகார், ஒரிசாத் தொழிலாளியை 'இந்திக்காரன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடாது. அவனும் மொழி தெரியாத ஊருக்கு வந்தவன். அவனில் பாதிப்பேர் நம்மவன். கேட்கப்படாதவர்கள் கேட்கவும் மறுத்தால் பிறகு இந்த உலகத்தில் யார் காதுதான் மிச்சம் இருக்கும்?

எங்கள் மாலை வகுப்பில் இப்போது வெளிநாட்டுக்குப் புறப்படுகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறோம். ஒன்று, அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள், விடாமல் கற்றுக்கொள், தப்பாகப் பேசியே கற்றுக்கொள். அது உன் பங்கு. இரண்டு, நீ பேசியும் விளங்கவில்லை என்றால் உடனே உன் நாக்கைச் சந்தேகப்படாதே. எதிரில் இருக்கிற காது தன் பங்கைச் செய்ததா என்றும் பார். செய்யவில்லை என்றால் அதை நாகரிகமாக, உரக்க, அவர்கள் மொழியிலேயே கேள்.